காலையில் போட வேண்டிய மாத்திரை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே சொன்னார்கள்: நோய் வருமுன் காப்பது பற்றிக் குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது. முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள், வாயுள்ளவள், இவளிடம் கேட்போம் என்று நினைத்திருப்பார்கள். பேசத்தான் செய்தேன். பேசிப் பேசியே ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளினேன். அதை எழுதினால் போடுவீர்களா என்று கேட்டேன். எழுதுங்கள், பார்க்கலாம் என்றார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் பதினெட்டு மாதம். பிரசவம் பார்க்கவும், ஊசி போடவும், மேலே இருப்பவர்கள் கேட்கும்போது தலையாட்டவும் கற்றுக்கொண்டேன். போடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் துணை சுகாதார நிலையம் கிடைத்தது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் புருசன் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

முதல் இருபது வருடம் கர்ப்பிணி, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று ஓடியது. அதன் பிறகுதான் சர்க்கரையும் பிரஷரும் எங்கள் பைக்குள் வந்தன. வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும், உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, தினமும் நட என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டுப் பார்வைக்கு வைத்த நேரம் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எந்தக் குடும்பம் வீட்டில் இருக்கிறது? அஞ்சு மணிக்கெல்லாம் கைகால் நன்றாக இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். போடிமெட்டு தாண்டி, கேரளத்துப் பக்கம் ஏலத் தோட்டத்தில் சோலி. திரும்பி வர சாயங்காலம் ஆறு, ஆறரை ஆகும். நான் பேசியதெல்லாம் வீட்டில் கிடந்த வயசாளிகளிடமும் கோழிகளிடமும்தான். பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக, சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது என்று முத்து முத்தாக எழுதி வைத்தேன்.

எனக்கே உறைத்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, தோட்டத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். அஞ்சு நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்வேன். கால் இரண்டும் தரையில் படிய வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். சேலை மடிப்பின் மேலே பிரஷர் பட்டையைச் சுற்ற மாட்டேன். ஒரு தடவை பார்த்து எழுதிவிட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்ப்பேன். இதிலெல்லாம் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த அஞ்சு நிமிடம் அவர்களை வாயை மூடி உட்கார வைத்தேன். அதற்குப் பிறகாவது வாயைத் திறக்க விட்டேனா என்றால் இல்லை, நானே பேசினேன். மலைச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களிடம் தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று சொன்ன மகராசி நான். அவர்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் விஜயா மேடம். எங்கள் வட்டாரத்து மேற்பார்வையாளர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. முதல் பஸ்சில் வந்து இறங்குவார், டீ வேண்டாம் என்பார், பதிவேட்டைப் பிரித்து ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு பெயராக நகர்த்துவார். ஒரு இடத்தில் ஸ்கேல் நின்றுவிடும். தலையைத் தூக்காமலே, "இதுக்கு என்ன ஆதாரம்?" என்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்பதற்கும் ஆதாரம் கேட்டார். போடுறேன் என்று சொல்கிறார்கள் மேடம் என்றேன்.

"சொல்றதெல்லாம் ஆதாரமாம்மா? காலி அட்டையக் கொண்டு வரச் சொல்லு. காலி அட்டை இருந்தா அடுத்த மாசத்துக்குக் குடு. இல்லைன்னா ஏன்னு கேளு."

ஏன்னு கேளு என்றுதான் அவர் சொன்னார். நான் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பாண்டியம்மாளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயசு. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு புருசனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். புருசன் சுருளி ஜீப் டிரைவர். ஊர்ப் பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போகிற ஜீப்பு அவருடையதுதான். முன்னால் ஆண்கள், பின்னால் பதினாலு பதினஞ்சு பெண்கள். பாண்டியம்மாளும் அந்தக் கும்பலில் ஒருத்தியாகப் பின்னால்தான் நெருக்கி உட்கார்ந்து போவாள். நல்ல சிரிப்புக்காரி. அவள் இருந்தால் மண்டபமே கலகலவென்று இருக்கும். முதல் தடவை பார்த்தபோதே பிரஷர் நூற்று எழுபதுக்கு மேல். "எனக்கு ஒண்ணுமே செய்யலயே சிஸ்டர்" என்றாள். பிரஷர் எதுவும் செய்யாது, ஒரு நாள் மொத்தமாகச் செய்யும் என்றேன். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். காலையில் எழுந்ததும் போட வேண்டும்.

மறு மாதம் அட்டையோடு வந்தாள். முக்கால்வாசி மாத்திரை அப்படியே இருந்தது. அவள் ஒளிக்கவில்லை. என் கையிலேயே கொடுத்தாள்.

"சோலிக்குப் போற நாள்ல போட முடியல சிஸ்டர். ஞாயித்துக்கெழம போட்டுக்குறேன்."

பத்து இருபது பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "ஏத்தா, ஒரு மாத்திரைய முழுங்க ஒனக்கு என்ன கேடு? நாளைக்கு வாய் கோணிப் படுத்துட்டா பீ மூத்திரம் அள்ளுறது யாரு, நானா? சோலி சோலின்னு சாகப் போறியா?"

அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். ஏன் முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. அவள் சோம்பேறித்தனமாக எதையோ சொல்கிறாள் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த மாதம் அட்டை சுத்தமாகக் காலி. அதற்கடுத்த மாதமும் காலி. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மற்றப் பெண்களிடம் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, நான் திட்டுன திட்டுக்குப் பலன்" என்றேன். கை தட்டச் சொன்னேன். தட்டினார்கள். பாண்டியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன்.

பிரஷர் மட்டும் இறங்கவே இல்லை. எங்கள் டாக்டர் நல்லவர், சின்ன வயசு, பொறுமையாக நோயாளி அட்டையைப் படிப்பார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார் என்று அதில் என் கையெழுத்தோடு இருந்தது. மாத்திரை போட்டும் குறையவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தார். அது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. ஒரு வருடம் கழித்து மூன்றாவதையும் சேர்த்தார். மாதா மாதம் மூன்று அட்டையும் காலியாகவே வந்தன.

விஜயா மேடத்தின் ஸ்கேல் பாண்டியம்மாள் பெயருக்குக் கீழே நின்றது. "மூணு மாத்திரை போட்டும் இப்படியா?" என்று கேட்டார். அப்புறம், "குடும்பத்துல ஒருத்தரப் பொறுப்பாக்கிப் பாரும்மா. கண்ணு முன்னால முழுங்கட்டும்" என்றார். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. எனக்கு வரவில்லை. நான் தூக்கிக் காட்டிய அட்டையாயிற்றே.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். சுருளி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனுசன். பெண்டாட்டி மேல் உயிர் என்பது ஊருக்கே தெரியும். எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, கணவரின் பொறுப்பு என்று ஆரம்பித்து, மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் வரைக்கும் விளக்கினேன். எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீர்கள் என்று கேட்டேன். நாலரை என்றார்.

"டீயோட மூணு மாத்திரையையும் கையில குடுங்க அண்ணே. நீங்க பாக்கப் பாக்க முழுங்கணும். வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்க."

"அவதான் என்னைய வாயத் தொறக்கச் சொல்லுவா. நான் அவளச் சொல்லவா?" என்று சிரித்தார். அப்புறம், "செஞ்சுருவோம் சிஸ்டர். அவ நல்லா இருக்கணும்ல" என்றார்.

பாண்டியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். "சிஸ்டர், மூணையுமா?" என்றாள். "ஆமா, மூணையும்தான். இனி ஏமாத்த முடியாதுடியம்மா" என்று கேலி பேசிவிட்டு எழுந்தேன்.

திங்கள், செவ்வாய் சுருளி கொடுத்தார், அவள் விழுங்கினாள். புதன்கிழமையும் விழுங்கினாள். அன்று காலை பதினோரு மணி இருக்கும். சரிவில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அப்படியே பின்னால் சாய்ந்து கீழே உருண்டாள். பாறையில் தலை அடித்தது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். சுருளிதான் அதே ஜீப்பில் மலையிறக்கிக் கொண்டு வந்தார். தேனியில் மண்டையைத் திறந்து ரத்தக் கட்டை எடுத்தார்கள். உயிர் தங்கியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இத்தனை நாளும் மாத்திரை ஒழுங்காத்தானே சாப்பிட்டாங்க?" ஆமாம் டாக்டர், அட்டையைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் நம்பினார்.

நோயாளி அட்டையை எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுருளி ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால்தான் காகிதங்களை வைத்திருப்பாள். கையை விட்டுத் துழாவியபோது ஒரு கண்ணாடி பாட்டில் அகப்பட்டது. நிறைய மாத்திரை. தூரப் போட மனசு வராமல் சேர்த்து வைத்திருக்கிறாள். அடியில் ஒரே நிற மாத்திரை. அதற்கு மேலே இரண்டு நிறம் கலந்து கிடந்தது. மேலே மூன்று நிறம். நாங்கள் எந்தெந்த மாதத்தில் ஏற்றினோம் என்பதை அந்தப் பாட்டிலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை சாப்பிடாதவளுக்கு, சாப்பிட்டும் குறையவில்லை என்று நினைத்து மூன்றாக்கி வைத்திருந்தோம். அந்த மூன்றையும் முதல் தடவையாக ஒன்றாக விழுங்க வைத்து மலைக்கு அனுப்பியிருக்கிறேன். பிரஷர் மளமளவென்று இறங்கியிருக்கும். உடம்பு தாங்கவில்லை.

பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு விஜயா மேடத்திடம் போனேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வழக்கம் போலவே மெதுவாக, "இத எழுதினா நீதான் பதில் சொல்லணும். அப்புறம் டாக்டர். அப்புறம் நான். எழுதி அந்தப் பொண்ணு எந்திரிக்கப் போறதில்ல" என்றார். நிலையத்துக்குப் பின்னால் ஊசி சிரிஞ்சு புதைக்கிற குழியில் அதைக் கொட்டி மண்ணைத் தள்ளினேன். மேடம் சொன்னதால் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன்.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பாண்டியம்மாளோடு ஜீப்பில் போகிற ஈஸ்வரியைப் பிடித்தேன். அவளுக்கும் நான்தான் பிரஷர் மாத்திரை கொடுத்துவந்தேன். ஏத்தா, அவள் ஏன் மாத்திரை போடாமல் இருந்தாள் என்றேன். ஈஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சோலிக்குப் போற நாள்ல நாங்க யாருமே போடுறதில்ல சிஸ்டர். மாத்திரைய முழுங்கத் தண்ணி குடிக்கணும், குடிச்சா ஒண்ணுக்கு முட்டும். நீர் மாத்திரைன்னா கேக்கவே வேணாம். ரெண்டு மணி நேரம் ஜீப்புல எங்கிட்டு எறங்குறது? நாங்க அதுக்குத்தான் காலையில தண்ணியே குடிக்கிறதில்ல."

"ஜீப்பு வழியில நிக்குமே?"

"ஆம்பளைகளுக்கு நிக்கும். வளைவுல நிப்பாட்டி ஓரமாப் போவாக. நாங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிருவோம்."

"பாண்டி அவ புருசன்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்லுவா? முன்னால ஆம்பளைக இருக்காக. அவரு நிப்பாட்டுனா எதுக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்ல. அந்த ரெண்டு நாளும் பாவம் அடக்கிக்கிட்டு வந்தா சிஸ்டர், கண்ணுல தண்ணி வந்துருச்சு. மூணாம் நாளு மொத நா ராத்திரியிலேருந்தே, மாத்திரையோட குடிச்ச டீயத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல."

தண்ணீரும் இல்லாத உடம்பில் மூன்று மாத்திரை. இதற்கு எவ்வளவு சின்ன மருந்து இருந்தது என்று நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் கேட்டு நீர் மாத்திரைக்குப் பதில் வேறொன்று வாங்கியிருக்கலாம். ஒரே ஒரு "ஏன்" போதும். பிறகு டாக்டரிடம் கேட்டு மற்றப் பெண்களுக்கெல்லாம் நேரத்தை மாற்றினேன். யார் போட்டார்கள், யார் கொட்டினார்கள் என்று தெரியாது. தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டினால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

ஒன்றரை வருடம் போனது. சுருளி பாண்டியம்மாளை வைத்திருந்த மாதிரி பெற்ற தாய்கூட வைத்திருக்க மாட்டாள். விடியுமுன்பே குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, பகலுக்கு அவள் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டுத்தான் ஜீப்பை எடுப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார். நான் போகும்போதெல்லாம், "ஒரு நாள் விடல சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரியே குடுக்குறேன்" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன்.

நான் ஓய்வு பெறும் மாதத்தில் சுருளிக்குப் பிரஷர் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு. இரண்டாவது தடவையும் அதேதான். மாத்திரையை எடுத்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"கோவிச்சுக்கிறாதீங்க சிஸ்டர். எனக்கு வேணாம்."

"என்னண்ணே இது? மலை ரோட்டுல வண்டி ஓட்டுறீங்க. பின்னால பதினஞ்சு பொம்பளைக இருக்காக."

"இவ ரெண்டு வருசம் ஒரு நாள் விடாம தின்னா. நீங்களே கை தட்டச் சொன்னீங்க. என்ன ஆச்சு? தின்னவளுக்கே இந்தக் கதின்னா நான் தின்னு என்ன ஆகப் போகுது?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? நான் புதைத்துவிட்டதை அவர் எப்படிக் கணக்கில் சேர்ப்பார்? உண்மையைச் சொன்னால் மாத்திரையைப் போடுவார். ஆனால் அவர் கையால் கொடுத்தது என்ன செய்தது என்பதும், அவள் எதற்காக ஒளித்தாள் என்பதும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு வளைவில் அவர் கை விழுந்துவிடும். வேறு வழி தெரியாமல் சொன்னேன். பாட்டிலைச் சொன்னேன், மண்டபத்தில் திட்டியதைச் சொன்னேன், குழியைச் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை அண்ணே என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். ஜீப்பை நிறுத்தச் சொல்ல முடியாமல்தான் அவள் மாத்திரையை ஒளித்தாள் என்பதையும் சொன்னேன். கட்டிலில் கிடந்த பாண்டியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுக்குள் போனது.

சுருளி என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நிப்பாட்டுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா புள்ள? நிப்பாட்டியிருப்பேன்ல?" என்றார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் எப்படிப் பதில் சொல்லுவாள்?

மாத்திரையை வாங்கிக்கொண்டார். போட்டாரா என்று எனக்குத் தெரியாது. அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்த மாதக் கடைசியில் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன மாதம் போடி சந்தையில் ஈஸ்வரியைப் பார்த்தேன். சுருளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இப்போது தினமும் மலை ஏறும்போது ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்துகிறாராம். முன்னால் இருக்கிற ஆண்களை இறக்கி, தானும் இறங்கி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே தூரமாக நடந்து போய்விடுவாராம். பத்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். தோட்டத்தில் லேட்டு என்று சத்தம் போடுகிறார்களாம், அவர் கேட்பதில்லையாம்.

எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. "அப்ப நீங்க இப்பத் தண்ணி குடிக்கிறீகளா?" என்று கேட்டேன்.

"அட போங்க சிஸ்டர். எப்படி எறங்குறது? எதுக்கு நிப்பாட்டுறாருன்னு அத்தன ஆம்பளைகளுக்கும் தெரியும். எறங்குனா அவுக மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஒருத்தியும் எறங்குறதில்ல. பேசாம உக்காந்திருப்போம். அந்த அண்ணன் பாவம், அங்கன நின்னு மலையப் பாத்துக்கிட்டு இருப்பாரு. பத்து நிமிசம் கழிச்சு வந்து, எல்லாரும் ஏறியாச்சான்னு கேப்பாரு. ஏறியாச்சுண்ணேன்னு சொல்லுவோம்."